துரையின் தலைவலியும் ஒரு ஞானப்பாட்டும்

பாலக்காட்டுப் பெருமாட்டிப் பக்கம் குடிவந்த புதிதில் எனக்குப் பிடிபடாத முதல் சங்கதி, இங்கே யாரும் மேலே போவதுமில்லை, கீழே வருவதுமில்லை என்பதுதான். எல்லாம் கிழக்கும் மேற்கும். பால்காரர் மேற்கே போயிருப்பார், பஸ் கிழக்கேயிருந்து வரும், தேங்காய்கூடத் தெற்குத் தோப்பில்தான் விழும். என் அப்பாவோ ஆயுள் முழுக்க இடுக்கி மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிடந்தவர். அவருக்கு உலகத்தில் இரண்டே திசை. கடை கீழே, தொழிலாளர் குடியிருக்கும் லயம் மேலே. ஆஸ்பத்திரி கீழே, துரை பங்களா மேலே. இங்கே வந்த பிறகும் காலையில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "கீழ கடைக்குப் போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார். பக்கத்து வீட்டுச் சின்னச்சாமி அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கேட்டேவிட்டார். "ஏனுங்க டீச்சர், பெரியவரு தெனமும் கீழ போறேன், கீழ போறேன்னு சொல்றாருங்களே, எங்கீங்க போறாரு? கெணத்துக்குள்ளயுங்களா?" அதில் கேலி இல்லை, மெய்யான கவலை. அவர் தோட்டத்துக் கிணற்றுக்கு அப்போது சுற்றுச்சுவர் கிடையாது.

புலம்பெயர்ந்தவர் என்றால் விமானம் ஏறியிருக்க வேண்டும், பனியைப் பார்த்திருக்க வேண்டும், குளிரில் நின்று இட்லியை நினைத்து ஏங்கியிருக்க வேண்டும் என்று எண்ணுபவர்கள் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். நான் ஏறியதெல்லாம் பஸ்தான். சங்கரன்கோயில் பக்கத்திலிருந்து தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணி ஓட்டிக்கொண்டு வந்த கூட்டத்தில் என் முன்னோர் மலை ஏறினார்கள், நான் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வு எழுதி, இந்தச் சித்தூர் தாலுக்காவில் ஒரு பள்ளியின் தமிழ்ப் பிரிவில் வேலை கிடைத்து மலை இறங்கினேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஏன் என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அம்மா மலையிலேயே போய்விட்டாள். அப்பாவின் சர்வீஸ் முடிந்ததும் லயத்து வீட்டை ஒழித்துக் கொடுக்கச் சொன்னார்கள். பிறந்த வீடு, பிள்ளை பெற்ற வீடு, பெண்டாட்டி செத்த வீடு எல்லாம் ஒரே அறைதான், அதையும் வெள்ளையடித்து அடுத்தவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அப்படித்தான் அப்பா என்னிடம் வந்தார். மலையாளிக்கு நான் பாண்டிக்காரி. இங்கே தலைமுறை தலைமுறையாக நெல்லும் தென்னையும் வைத்து வாழும் கொங்குத் தமிழருக்கு நான் மலைக்காரி. சங்கரன்கோயில் சொந்தக்காரர்களுக்கோ மலையாளத்துக்காரி. மூன்று பேருக்கும் என் தமிழ் சிரிப்பாக இருக்கிறது. மலையில் இன்னும் கொழுந்து கிள்ளிக்கொண்டிருப்பவர்களும், என்னைப்போல இறங்கி வந்து ஆளுக்கொரு மூலையில் ஒதுங்கிக் கிடப்பவர்களும் இதை வாசிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். ஏனென்றால் நம் எல்லாருக்கும் தெரிந்த ஒரு பாட்டைப் பற்றிய கட்டுரை இது. வேறு யாருக்கும் அது நமக்குத் தெரிந்த மாதிரி தெரியாது.

எங்கள் பள்ளியின் மலையாளப் பிரிவில் கணக்கு எடுக்கிறவர் மோளி டீச்சர். கோட்டயம் பக்கத்துக் கிறிஸ்தவர், பாலக்காட்டில் வீடு. அவர் மகளுக்கு டவுனில் கல்யாணம் வைத்தார்கள். அப்பாவைத் தனியே விட முடியாது என்று கூட்டிக்கொண்டு போனேன். தேவாலயத்தில் நடைபாதையை ஒட்டி எங்களுக்கு இடம். வெள்ளை வெளேரென்று பூ, ஒரே நிறத்தில் சேலை கட்டிய பாட்டுக்குழு, ஆளைவிடப் பெரிய ஸ்பீக்கர். மணப்பெண் வாசலில் வந்து நின்றதும் கீபோர்டில் ராகம் எடுத்தார்கள். முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வார்த்தை மலையாளம், ராகம் எங்கள் பாட்டு. எங்கள் தோட்டத்தில் அந்தப் பாட்டைப் பாடினால் யாரோ செத்திருக்கிறார்கள் என்று பொருள். பாடை தூக்கும்போது மட்டும்தான் அதைப் பாடுவோம். வேறு நேரத்தில் வாய்தவறி முணுமுணுத்தால்கூட வாயிலேயே அடி விழும்.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அப்பா எழுந்துவிட்டார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்குப் போயிற்று. பக்கத்தில் கோட்டு போட்டிருந்த ஒருவரிடம் குனிந்து, "யாரு போயிட்டாக?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த மனிதர் சிரித்த முகத்தோடு, "ஆரும் போயிட்டில்ல சேட்டா, எல்லாரும் வந்நிட்டுண்டு. பிரியாணி உண்டு" என்றார். அப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார். சாவு வீட்டில் பிரியாணியைப் பற்றிப் பேசுகிற ஜென்மம் என்று அந்தப் பார்வை சொன்னது. பிறகு வாயைத் திறந்தார். கிழட்டு உடம்பில் அந்தக் குரல் எங்கே ஒளிந்திருந்ததோ தெரியவில்லை. தமிழில், எங்கள் நடையில், மழையில் சறுக்குகிற மண்பாதைக்கு ஏற்ற வேகத்தில் பாடினார். பாட்டுக்குழு தடுமாறியது. கீபோர்டுக்காரன் இந்தப் பக்கம் பார்த்தான். மணப்பெண் தூக்கிய காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். நான் கையைப் பிடித்து இழுத்து, "உக்காருங்கப்பா" என்றேன். "பாட்டு முடியாம எப்பிடிளா உக்கார?" என்றார், கண்ணீர் தாடையில் ஒழுக. கிழவர் அழுவதைப் பார்த்து மணப்பெண்ணும் அழுதாள். அது பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று எண்ணி வந்தவர்கள் எல்லாரும் நெகிழ்ந்தார்கள், வீடியோக்காரன் உட்பட. பந்தியில் அப்பா உட்காரவே இல்லை. சாவுக்குப் போனவன் குளிக்காமல் சோறு தின்னக் கூடாது என்பதில் அவர் உறுதி. பிரியாணியை விட்டுவிட்டுப் பசியோடு வீட்டுக்கு வந்தோம். வந்ததும் குழாயடியில் தலையில் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் மோளி டீச்சர் என்னைத் திட்டியிருந்தால் மனசு ஆறியிருக்கும். அவரோ பரிதாபப்பட்டார். "டீச்சரே, அது சந்தோஷத்தின்டெ பாட்டாணு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு விளக்கம் சொன்னார். அவர் கேட்ட வரலாறு இது: தூர தேசத்தில் ஒரு கப்பல் தலைவன், அவனுக்காகத் துறைமுகத்தில் காத்திருந்த பெண், அவன் பத்திரமாக வந்து சேர்ந்த நாளில் அவள் எழுதிய பாட்டு, ஆகவே கல்யாணத்துக்குப் பாடுவது. நான் தலையாட்டினேன். இந்தக் கிறிஸ்தவ ஞானப்பாட்டுகளின் பின்னணியைச் சொல்லுகிறவர்களைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு புயலாவது வேண்டும் அவர்களுக்கு, அல்லது மனம் திரும்பிய குடிகாரன் ஒருவன், அல்லது இளம் வயதில் இறந்த மனைவி. சும்மா ஒருவன் மேசையில் உட்கார்ந்து, அடித்துத் திருத்தி, ராகத்துக்கு வார்த்தை தட்டுப்பட்டால் எதையாவது திணித்து எழுதியிருப்பான் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எங்கள் தோட்டத்துப் பழைய துரைமார் கிளப்பை இப்போது ரிசார்ட்டாக்கி வைத்திருக்கிறார்கள். அங்கே சாயங்காலம் டூரிஸ்ட்டுகளுக்குத் தேநீர் கொடுத்து இதே பாட்டை கிட்டாரில் வாசிக்கிறார்களாம். துரையம்மா ஒருத்தி, பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வராந்தாவில் நின்று பாடியதாக ஒரு கதையும் அச்சடித்துக் கொடுக்கிறார்களாம். எல்லாக் கதையிலும் யாராவது ஒரு வெள்ளைக்காரரோ வெள்ளைக்காரியோ அழகாக அழுகிறார்கள். நனைந்துபோய் நாறிய கம்பளியோடு பிணம் சுமந்த எங்கள் ஆட்கள் ஒரு கதையிலும் இல்லை.

எங்கள் பக்கத்துக் கதை வேறு. சங்கரன்கோயில் சீமையிலிருந்து வந்தவர்கள் சாவுக்கு மேளம் இல்லாமல் பாடை எடுப்பார்களா? கூட வந்தவர்களில் அடிக்கத் தெரிந்தவர்களும் இருந்தார்கள். ஆனால் தோட்டத்துக் குழிமேட்டுக்குப் போகிற பாதை துரை பங்களாவை ஒட்டிப் போயிற்று. துரைக்குத் தலைவலி. சனிக்கிழமை இரவு கிளப்பில் குடித்த தலைவலி ஞாயிறு, திங்கள் வரை நீளும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். சாவோ கிழமை பார்த்து வருவதில்லை. மேளம் கேட்டால் பங்களா நாய்கள் குரைக்கும், நாய் குரைத்தால் துரையம்மா எழுந்துகொள்வாள், அவள் எழுந்தால் துரைக்கு இன்னும் தலைவலி. பங்களாவுக்குக் கேட்கிற மாதிரி மேளம் கூடாது, சங்கு கூடாது, வேட்டு கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டான். பிணத்தைச் சத்தமில்லாமல் திருடன் மாதிரி தூக்கிக்கொண்டு போவதா என்று லயமே குமைந்தது. அப்போது தோட்டத்துச் சின்னக் கிறிஸ்தவக் கோயிலில் இருந்த உபதேசியார் ஒரு வழி சொன்னாராம். துரை கும்பிடுகிற கோயில் பாட்டையே பாடிக்கொண்டு போங்கள், அதை எப்படி வேண்டாம் என்பான்? பாவம், அந்த மனிதருக்கு முழுசாக மனப்பாடமானது அந்த ஒரு பாட்டுதான். அது சாவுப் பாட்டா, கல்யாணப் பாட்டா என்று அவரும் யோசிக்கவில்லை, இவர்களும் கேட்கவில்லை. துரை வராந்தாவில் வந்து நின்று தொப்பியைக் கழற்றினானாம். அவன் தொப்பி கழற்றியதைத் தலைமுறை தலைமுறையாகப் பெருமையோடு சொல்லிக்கொண்டு திரிந்தார்கள் நம்மவர்கள். மேளத்தைப் பிடுங்கியவன் தொப்பியைக் கழற்றினால் கணக்கு தீர்ந்துவிடும் போல. இந்தக் கதைக்கும் ஆதாரம் கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கதையில் யாரும் அழகாக இல்லை. அதனால் இது உண்மையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

பாட்டின் தமிழைப் பற்றியும் ஒரு தமிழாசிரியை என்ற முறையில் சொல்லியாக வேண்டும். கண்ணராவி. "தோணி நகரும் வேளையிதே, துறைமுகம் எம் தேவரீரே" என்று தொடங்கும். இந்தத் தேவரீருக்கு அங்கே என்ன வேலை? ராகத்தில் இடம் காலியாக இருந்திருக்கிறது, கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். என் மாணவன் ஒருவன் இப்படி எழுதிக்கொண்டு வந்தால் சிவப்பு மையால் கிழித்திருப்பேன். பாடியவர்களில் கடலைப் பார்த்தவர் எத்தனை பேர்? தோணியைக் கண்டதுண்டா? ஆனால் துறைமுகம் என்றால் என்ன என்று அப்பாவுக்குத் தெரியும். மலையிலிருந்து தேயிலைப் பெட்டிகள் லாரி ஏறிக் கொச்சித் துறைமுகத்துக்குப் போகும். போன பெட்டி திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே துறைமுகம் என்பது போய்ச் சேருகிற இடம், யாரும் திரும்பாத இடம், மலையில் விளைந்த எல்லாவற்றுக்கும் கடைசி ஊர். பொருள் சரியாகத்தானே இருக்கிறது? ஆடி மாதம் சுடலைமாடனுக்குக் கிடா வெட்டிய அதே ஆட்கள் எந்தக் கூச்சமும் இல்லாமல் இதைப் பாடினார்கள். சாமி எதுவானாலும் பாதை ஒன்றுதான், சறுக்கலும் ஒன்றுதான். நிதானமான ராகம், மூச்சு வாங்க இடம் விடுகிற ராகம். மேளத்துக்கு ஆடலாம், சுமைதூக்கிக்கொண்டு இறக்கத்தில் இறங்க இந்தப் பாட்டுதான் தோது.

உபதேசியாரிடமிருந்து கைமாறிக் கைமாறி வந்து, எங்கள் காலத்தில் பாட்டை எடுத்துக் கொடுத்தவர் அப்பா. பகலில் தேயிலைச் செடியைக் கவாத்து வெட்டுவார். சாவு விழுந்தால் கத்தியை வைத்துவிட்டு வந்துவிடுவார். கிறிஸ்தவர் வீடா, நம் வீடா என்ற பேச்சே கிடையாது. அம்மாவின் பாடைக்கு முன்னாலும் அவர்தான் பாடினார். ஒரு இடத்தில்கூடக் குரல் உடையவில்லை. எனக்கு அன்றைக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது, இந்த மனுஷனுக்கு நெஞ்சில் ஈரமே இல்லையா என்று. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, லயத்துக்குப் பின்னால் விறகு அடுக்கியிருந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டு நெடுநேரம் வரவில்லை. பாட்டு முடியும்வரை அழக்கூடாது என்பது பாட்டுக்காரனின் தொழில் தர்மம். கல்யாணத்தில் அவர் பாடிக்கொண்டே அழுதார் என்பதை நினைத்தபோதுதான் அவருக்கு எவ்வளவு வயதாகிவிட்டது என்று எனக்கு உறைத்தது.

அந்தக் கல்யாணத்துக்குப் பிறகு அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருப்பார். ஒருநாள் கேட்டார். "ஏளா, கீழ்நாட்டுல அது கல்யாணப் பாட்டுன்னா, எனக்கு யாரு பாடுவா?" என்ன பேச்சு இது என்று அதட்டினேன். "அதட்டாத. மலையில செத்த அம்புட்டு பேருக்கும் நான் பாடியிருக்கேன். எரிச்சாலும் சரி, பொதைச்சாலும் சரி, அத ஒங்க இஷ்டத்துக்குச் செய்ங்க. பாட்டு இல்லாம மட்டும் என்னையத் தூக்கிராதிய, சொல்லிப்புட்டேன்." அவர் என்னிடம் அதுவரை எதையும் கேட்டதில்லை. லயத்தை விட்டு இறங்கிய அன்றுகூட, "எங்க போகணும்?" என்று மட்டும்தான் கேட்டார். கேட்டது இந்த ஒன்று. அதைச் செய்து கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

கஞ்சிக்கோடு பக்கம், ஆலை வேலைக்கு வந்த தமிழர்களுக்காக ஒரு சபை நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். தகரக்கூரை போட்ட கட்டடம், வாசலில் செருப்புகள். அங்கிருந்த பாஸ்டர் நல்ல மனிதர்தான், அதில் சந்தேகம் இல்லை. அப்பாவுக்கு ஒரு ஞானப்பாட்டின்மேல் பிரியம், பாட ஆள் வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் கண்ணில் ஒளி வந்துவிட்டது. "சகோதரி, ஆண்டவர் அப்பாவோட இருதயத்தைத் தட்டுறார்" என்றார். "தட்டலைங்க அய்யா. தூக்கும்போது பாட ஆள் வேணும், அவ்வளவுதான்" என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அப்பாவை அழைத்து வரச் சொன்னார், முழுக்குஸ்நானத்தைப் பற்றிப் பதமாக எடுத்துச் சொன்னார், பாட்டின் பின்னணியையும் சொன்னார். எதிர்பார்த்ததுதான். இவர் கணக்கில் அது புயலில் சிக்கி மனம் திரும்பிய குடிகார மாலுமி எழுதியது. "ஆனா அடக்கத்துக்கு அதைப் பாடுறதில்லையேம்மா, அதுக்கு வேற நல்ல பாட்டு இருக்கே" என்று புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். மாத்திரை மாற்றிக் கொடுக்கிற மருந்துக்கடைக்காரர் இப்படித்தான் சொல்வார், இதுவும் அதே கம்பெனிதான் என்று. கும்பிட்டுவிட்டு வந்தேன்.

கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிற தம்பி செல்வத்திடம் போனில் பேசினேன். "அக்கா, நாம இந்துக்கள்க்கா. என் ஆபீஸ்லருந்து நாலு பேர் வருவாங்க, சங்கரன்கோயில் சித்தப்பா வருவாரு. இயேசு பாட்டு பாடினா என்ன நினைப்பாங்க?" என்றான். மலையில் அம்மாவின் பாடையை இந்தப் பாட்டோடு தூக்கியபோது தீச்சட்டி பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தவன் இவன்தான். கோயம்புத்தூர்த் தண்ணீர் நல்ல தண்ணீர் என்று சொல்வார்கள், எல்லாவற்றையும் கழுவிவிடும் போல.

ஆடி முடிகிற சமயம், காலை டீயைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்த அப்பா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். நான் பள்ளிக்குச் சேலை மடிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டேன், பதில் இல்லை. என் அலறலைக் கேட்டு முதலில் ஓடி வந்தது சின்னச்சாமி அண்ணனும் அவர் மனைவி பாப்பாத்தி அக்காவும்தான். சொந்தம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு அந்த ஊரில் யாரும் இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்தில் வாசலில் பந்தல் நின்றது, நாற்காலி வந்தது, கண்ணாடிப் பெட்டி வந்தது, அமரர் ஊர்திக்குச் சொல்லியாயிற்று. மின்மயானம் வெகுதூரம், தோளில் சுமக்கிற பேச்சே இல்லை. சின்னச்சாமி அண்ணன் தன் வீட்டுச் சாவுக்குச் செய்வதுபோல அடுத்த ஊரிலிருந்து மேளக்காரர்களையும் வரவழைத்துவிட்டார். அவர்கள் அடித்த அடியில் தென்னைமட்டை அதிர்ந்தது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது, யார்மேல் என்று தெரியாத ஆத்திரம். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மாடசாமி மாமாவுக்குப் போன் போட்டேன். அப்பாவோடு கவாத்து வெட்டியவர், இப்போது கஞ்சிக்கோட்டில் ஓர் ஆலை வாசலில் வாட்ச்மேன். நான் வேறொன்றும் சொல்லவில்லை. "மாமா, அப்பா போயிட்டாரு. பாட ஆளில்ல" என்றேன். "தூக்கிராதிய. வாரோம்" என்றார்.

சித்தப்பா வந்தார், செல்வம் வந்தான், அவன் ஆபீஸ் ஆட்கள் கறுப்புக் கண்ணாடியோடு வந்து ஓரமாக நின்றார்கள். நேரமாகிறது என்று எல்லாரும் பறந்தார்கள். அப்போதுதான் ஒரு ஆட்டோ வந்து நின்றது. மாடசாமி மாமா வாட்ச்மேன் சட்டையைக் கழற்றக்கூட நேரமில்லாமல் விசில் கயிறு தொங்க இறங்கினார். கூட எங்கள் தோட்டத்து ஆட்கள் சிலர், எல்லாரும் அங்கங்கே கம்பெனிக் கேட்டுகளில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர்கள். நேரே அப்பாவின் கால்மாட்டில் போய் நின்றார்கள், துண்டை இடுப்பில் கட்டினார்கள். சித்தப்பாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. "இது நம்ம வழக்கமில்லல்லா" என்றார். செல்வம் என் காதோரம் வந்து, "அக்கா, தயவுசெஞ்சு சீன் போடாத" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "டிசம்பர் மாசம் ஒன் பால்கனியில ஸ்டார் கட்டி, கேக்கோட போட்டோ போடுதியே, அப்ப எந்த ஆபீஸ்காரன் ஒன் சாதகத்தக் கேட்டான்? அந்த மனுஷன் கேட்டது ஒண்ணே ஒண்ணுடா" என்று வாசல் முழுக்கக் கேட்கக் கத்தினேன். கறுப்புக் கண்ணாடிக்காரர்கள் போனைப் பார்க்கத் தொடங்கினார்கள். எல்லாரும் சின்னச்சாமி அண்ணன் முகத்தைப் பார்த்தார்கள், ஊர் அவருடையது, மேளம் அவர் கொண்டுவந்தது. அவர் மேளக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "நிறுத்துங்கப்பா. பெரியவரு கேட்டுட்டுப் போன பாட்டுங்களாமா. பாடட்டும். நாம பின்னால சும்மா வரலாமுங்க" என்றார். முதன்முதலாக எங்களுக்காக ஒருவர் மேளத்தை நிறுத்தினார், தலைவலிக்காக இல்லை.

ஊர்தி புறப்பட்டது. அதற்கு முன்னால் அவர்கள் நடந்தார்கள், பாட்டை மாடசாமி மாமா எடுத்தார். குரல் கரகரத்தது, தேவரீர் வந்த இடத்தில் ராகம் சறுக்கியது, ஆனால் நடை பிசகவில்லை. டிரைவர் முதலில் ஹார்ன் அடித்துப் பார்த்தான், பிறகு அவனும் அந்த வேகத்துக்கு வந்துவிட்டான். பாட்டின் ஒவ்வொரு அடி முடிந்ததும் அவர்கள் எல்லாரும் ஒன்றாக ஒரு தோளைத் தாழ்த்தி மறு தோளை உயர்த்தினார்கள். தார்ச்சாலையில், வெறும் தோளோடு. மலையில் பாடை தூக்குகிறவர்கள் அந்த இடத்தில்தான் தோள் மாற்றுவார்கள். உடம்பு பாட்டோடு சேர்த்து அதையும் மனப்பாடம் செய்துவைத்திருக்கிறது. பார்த்த பிள்ளைகள் சிலர் சிரித்தார்கள். எனக்கு அந்த நிமிஷம்தான் அப்பா செத்துப்போனது உறைத்தது.

முச்சந்தி வந்ததும் பாப்பாத்தி அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினார். இந்த ஊரில் பெண்கள் அதுவரைதான். மலையில் அப்படி இல்லை, குழிமேடுவரை பெண்களும் போவார்கள். போயே ஆக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு அடியின் கடைசியிலும் "கரை சேர்ப்பாய், கரை சேர்ப்பாய்" என்று வருவது பெண்கள் பங்கு. ஆண்கள் அதைப் பாடமாட்டார்கள். நிறுத்திவிட்டுக் காத்திருப்பார்கள். முச்சந்திவரை ஊர்திக்குப் பின்னால் நடந்தபடி நான்தான் அதைப் பாடிக்கொண்டு வந்தேன். இப்போதும் மாடசாமி மாமா அடியை முடித்துவிட்டு நிறுத்தினார். ஊர்தியின் இன்ஜின் சத்தம் மட்டும் கேட்டது. பாப்பாத்தி அக்கா என் பக்கம் குனிந்து, "ஏனுங்க டீச்சர், இது எந்தூரு வழக்கமுங்க?" என்று கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை, அவர்கள் அங்கே காத்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் கை என் கையை விடவில்லை. நின்ற இடத்திலிருந்தே தொண்டை கிழியப் பாடினேன். அவர்கள் தோள் மாற்றிக்கொண்டு அடுத்த அடியை எடுத்தார்கள். கால்வாய்ப் பாலம் தாண்டும்வரை ஒவ்வொரு தடவையும் நிறுத்தினார்கள், ஒவ்வொரு தடவையும் பாடினேன். அதற்குப் பிறகு நிறுத்தினார்களா என்று இங்கிருந்து கேட்கவில்லை. நான் பாடினேன்.